வடிப்பது வேறு, நொதிக்க வைப்பது வேறு: வீட்டில் முதல் தேன்–மால்ட் பானம்

“வீட்டிலேயே காய்ச்சுகிறார்களாம்” என்று யாராவது சொன்னால், தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களின் முகம் மாறிவிடும். அந்தச் சொல்லுடன் சம்சுவும், கண் பார்வை போனவர்களின் கதைகளும், சம்பள நாளன்று வீடு வந்து சேராத பணமும் சேர்ந்தே நினைவுக்கு வரும். அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் தமிழில் “காய்ச்சுவது” என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு வேலைகளைக் குறிக்கிறது. ஒன்று, சர்க்கரைச் சாற்றை ஈஸ்ட் கொண்டு நொதிக்க வைப்பது. மற்றொன்று, நொதித்ததைக் கொதிக்க வைத்து, அதன் ஆவியைக் குளிரச் செய்து வடித்தெடுப்பது. பீர், கள், தேன் மது ஆகியவை முதல் வகை. சாராயமும் சம்சுவும் இரண்டாம் வகை.

சிங்கப்பூரில் முதல் வகையை வீட்டில் செய்ய, சில நிபந்தனைகளோடு, அனுமதி உண்டு. இரண்டாம் வகையை உரிமம் இல்லாமல் செய்வது குற்றம். வீட்டில் பீர் தயாரிக்கும் ஆர்வம் இளையரிடையே பரவிவரும் இந்நாளில், வீட்டார் எல்லாருக்கும் இந்த வேறுபாடு தெரிந்திருப்பது நல்லது. முதல்முறை முயல்வோர்க்கு எளிதாக அமையும் ஒரு பானத்தை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். தேனும் மால்ட்டும் சேர்ந்த அந்தப் பானத்தை ஆங்கிலேயரும் வேல்ஸ் நாட்டவரும் “பிராகட்” என்று அழைத்தனர்.

சட்டம் சொல்லும் அளவு

சிங்கப்பூர் சுங்கத் துறையின் விதிகள்படி, 18 வயது நிரம்பியவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்காகத் தாம் குடியிருக்கும் வீட்டில் பீர் போன்ற நொதித்த பானங்களைத் தயாரிக்கலாம். ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மேல் போகக்கூடாது. அதை விற்கக்கூடாது. வடித்தல் அறவே கூடாது. தீபாவளிக்குச் செய்த பானத்தைத் தெரிந்தவர்களுக்கு “செலவுக் காசு” மட்டும் வாங்கிக்கொண்டு கொடுப்பதும் விற்பனைதான் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

பொது இடங்களுக்கான கட்டுப்பாடும் வீட்டுப் பானத்துக்குப் பொருந்தும். 2015ஆம் ஆண்டு மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்த முடியாது. போத்தலை அடுக்குமாடியின் கீழ்த்தளத்துக்கு எடுத்துச் சென்று நண்பர்களோடு இரவில் அருந்த நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

மலேசியாவில் நிலைமை வேறு. அங்கு 1976ஆம் ஆண்டு கலால் சட்டத்தின்கீழ் மதுபானம் தயாரிக்க உரிமம் வேண்டும். சபா, சரவாக் பூர்வகுடி மக்களின் துவாக், தாப்பாய் போன்ற மரபுப் பானங்களுக்குத் தனி இடம் உண்டென்றாலும், தீபகற்பத்தில் வாழும் தமிழர்க்கு அது பொருந்தாது. எனவே ஜோகூரிலோ பேராக்கிலோ உள்ள வாசகர்கள், கீழே சொல்லப்படும் முறையின் முதல் பாதியோடு, அதாவது ஈஸ்ட் சேர்ப்பதற்கு முன்பே நிறுத்திக்கொள்ளவேண்டும். அவர்களுக்கான மது இல்லாத பானமும் கடைசியில் தரப்பட்டுள்ளது.

தோட்டத்தின் கசப்பான நினைவு

மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை என்பது லயங்களுக்கு அருகிலேயே இருந்தது. தொழிலாளியின் கூலியில் ஒரு பங்கு அங்கேயே போனது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலை நிறுத்தங்களில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. போருக்குப் பின், 1946–47இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராக மறியல் செய்தனர்.

பின்னாளில் கள்ளின் இடத்தை மலிவான சம்சு பிடித்துக்கொண்டது. அண்மைக் காலத்திலும் இந்த ஆபத்து தீரவில்லை. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மலிவு மதுவால் 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அந்தச் சாவுகளுக்குக் காரணம் மெத்தனால் என்ற ஆலைச் சாராயம். அதற்கு நிறமில்லை, குடிப்பவர் சுவையை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. குடித்துப் பல மணி நேரம் கழித்தே பார்வை மங்கல், வயிற்றுவலி, மூச்சுத் திணறல் போன்றவை தொடங்கக்கூடும். அப்படி ஒரு அறிகுறி தெரிந்தால் “போதை தெளியட்டும்” என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

தேனையும் மால்ட்டையும் ஈஸ்ட் கொண்டு நொதிக்க வைக்கும்போது உருவாவது பெரும்பாலும் எத்தனால். மெத்தனால் உருவாவது மிக மிகச் சொற்பம். எனவே வடிக்காத, வேறெதுவும் கலக்காத வீட்டுப் பானத்தில் அந்த நஞ்சு பற்றிய அச்சம் தேவையில்லை. வேறு இரண்டு விஷயங்களில்தான் கவனம் வேண்டும்: ஒன்று சுத்தம், மற்றொன்று போத்தலுக்குள் சேரும் அழுத்தம்.

தேனுக்கு மால்ட் ஏன் துணை?

தென்னங்கள் இறக்கிய சில மணி நேரத்தில் தானாகவே நொதிக்கத் தொடங்கிவிடும். பாளையிலிருந்தும் காற்றிலிருந்தும் வரும் ஈஸ்ட்டே அதற்குப் போதும். தேன் அப்படியில்லை. நன்றாக விளைந்த தேனில் நீர் சுமார் 18 விழுக்காடுதான். மற்றது ஏறக்குறைய முழுவதும் சர்க்கரை. அவ்வளவு அடர்த்தியில் ஈஸ்ட்டால் வாழ முடியாது. தண்ணீர் சேர்த்தால்தான் வேலை தொடங்கும்.

தண்ணீர் சேர்த்தாலும் இன்னொரு சிக்கல் வரும். ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை மட்டும் போதாது. நைட்ரஜன் சத்தும் தாதுக்களும் வேண்டும். தேனில் இவை மிகக் குறைவு. அதனால்தான் தேன் மட்டும் கொண்டு மது செய்பவர்கள் தனியாக ஊட்டப்பொருள் வாங்கிச் சேர்க்கிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் நொதித்தல் மாதக்கணக்கில் இழுக்கும். அழுகிய முட்டை வாடையும் வரலாம். மால்ட்டில் இந்தச் சத்துகள் இயல்பாகவே உள்ளன. பாதி தேன், பாதி மால்ட் என்று கலந்தால் ஈஸ்ட்டுக்கு வேண்டியது பெரும்பாலும் கிடைத்துவிடும். முதல்முறை செய்வோர்க்கு இந்தப் பானம் எளிதாக அமைவதற்கு இதுவே காரணம்.

மால்ட் என்பது புதிய பொருளன்று. குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, திரித்துக் கூழ் காய்ச்சும் வீடுகளில் நடப்பதும் இதுதான். தானியம் முளைக்கும்போது அதில் உருவாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றத் தொடங்கும். அதனால்தான் முளைகட்டிய கூழ் இனிக்கிறது. பார்லியை அப்படி முளைகட்டிக் காயவைத்தால் மால்ட். காலையில் குடிக்கும் மைலோவிலும் ஹார்லிக்ஸிலும் மால்ட் இருக்கிறது. ஆனால் அவற்றில் பால் பொடி, கொக்கோ போன்றவை சேர்ந்திருப்பதால் இந்த வேலைக்கு ஆகாது.

முளைத்த தானியத்தையும் தேனையும் மதுவுக்குப் பயன்படுத்துவது பழந்தமிழர்க்கும் தெரிந்திருந்தது. பெரும்பாணாற்றுப்படையில், அரிசிக் கூழை ஆறவைத்து, முளை மாவைச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்ட கள் பற்றிய குறிப்பு வருகிறது. மலைநாட்டு மக்கள் மூங்கில் குழாயில் விளைவித்த தேன் தேறலைத் திருமுருகாற்றுப்படை பேசுகிறது.

தேவையான பொருள்கள்

ஐந்து லிட்டர் பானத்துக்கு வேண்டியவை இவை:

வெளிர் நிற மால்ட் சாற்றுப் பொடி – 400 கிராம்
தேன் – 400 கிராம்
ஹாப்ஸ் – 8 கிராம்
உலர் ஈஸ்ட் – 5 கிராம்
போத்தலில் அடைக்கும்போது சேர்க்கச் சர்க்கரை – 30 கிராம்
தண்ணீர் – மொத்தம் 5 லிட்டர் வரும் அளவுக்கு

பாத்திரங்களில் ஐந்து லிட்டர் கொள்ளும் சமையல் பானை ஒன்று, உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக்கில் செய்த ஏழு அல்லது எட்டு லிட்டர் மூடி போட்ட வாளி ஒன்று, காற்று வெளியேறி உள்ளே வராதபடி நீர் நிரப்பிய சிறு அடைப்பான், வெப்பமானி, அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர், கழுவத் தேவையில்லாத கிருமிநீக்கி ஆகியவை வேண்டும். வீட்டுப் பீர் தயாரிப்புப் பொருள்கள் விற்கும் கடைகளில் இவை கிடைக்கும்.

தேன் வாங்கும்போது கவனம் தேவை. மிக மலிவாகக் கிடைக்கும் “தேனில்” சர்க்கரைப் பாகு கலந்திருக்கலாம். அதுவும் நொதிக்கும், ஆனால் தேன் மணம் இராது. மலேசியாவில் பிரபலமான கெலுலுட் எனப்படும் கொடுக்கில்லாத் தேனீயின் தேன் இயல்பிலேயே புளிப்பானது, நீரும் அதிகம். சுவையான தேன்தான் என்றாலும் முதல் முயற்சிக்குச் சாதாரணத் தேனே ஏற்றது.

வெப்பத்துக்கேற்ற ஈஸ்ட்

வெளிநாட்டுச் செய்முறைகளைப் படித்துவிட்டு இங்கே செய்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. பீர் ஈஸ்ட்களில் பல 18 முதல் 22 டிகிரி செல்சியஸில் நன்றாக வேலை செய்பவை. குளிர்சாதனம் இல்லாத வீவக வீட்டில் பகலில் 30 டிகிரி இருக்கும். அந்த வெப்பத்தில் அந்த ஈஸ்ட்கள் அவசரமாக வேலை செய்து, தொண்டையைச் சுடும் காட்டமான பானத்தைத் தரும்.

நார்வே நாட்டின் பண்ணை வீடுகளில் தலைமுறைகளாகக் காப்பாற்றப்பட்ட குவைக் என்ற ஈஸ்ட் வகை இதற்கு நல்ல மாற்று. அது 30 டிகிரிக்கு மேலும் கெட்ட சுவை தராமல் வேகமாக வேலை செய்யும். இப்போது உலர் வடிவில் பொட்டலங்களாகவே கிடைக்கிறது. ரொட்டிக்குப் பயன்படுத்தும் ஈஸ்ட்டும் நொதிக்க வைக்கும் என்றாலும் சுவை சீராக அமையாது. அடியில் நன்றாகப் படியவும் செய்யாது.

செய்முறை

முதல் நாள் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறியதும் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கவேண்டும். மறுநாள் பானையைக் குளிரவைக்க இது உதவும்.

மறுநாள் இரண்டரை லிட்டர் தண்ணீரைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு மால்ட் பொடியைக் கொட்டிக் கட்டியில்லாமல் கிளறவேண்டும். மீண்டும் அடுப்பை ஏற்றினால் பால் போலப் பொங்கும், பக்கத்திலேயே நிற்கவேண்டும். பொங்கல் அடங்கியதும் ஹாப்ஸைச் சேர்த்து 30 நிமிடம் கொதிக்கவிடலாம். ஹாப்ஸ் இலேசான கசப்பைத் தந்து இனிப்பைச் சமன் செய்யும். பானம் எளிதில் கெடாமலும் காக்கும்.

அடுப்பை அணைத்துப் பானையை மூடி, கழுவுதொட்டியில் குளிர்ந்த நீரில் வைத்து 60 டிகிரிக்கு இறக்கவேண்டும். பிறகே தேனைச் சேர்க்கவேண்டும். தேனைக் கொதிக்கவிட்டால் அதன் பூ மணம் ஆவியோடு போய்விடும்.

இதுவரை தொட்ட கரண்டி, பானை எல்லாம் சுத்தமாக இருந்தால் போதும். இனித் தொடும் ஒவ்வொன்றும் கிருமிநீக்கியில் நனைந்திருக்கவேண்டும். வாளி, மூடி, அடைப்பான், வெப்பமானி, கத்தரிக்கோல், ஈஸ்ட் பொட்டலத்தின் வெளிப்புறம் வரை இதில் அடங்கும். முதலில் சோப்பு போட்டு அழுக்கைப் போக்கவேண்டும். அழுக்கின்மேல் ஊற்றும் கிருமிநீக்கி வேலை செய்யாது.

பானையிலுள்ளதை வாளியில் ஊற்றி, குளிரவைத்த தண்ணீரைச் சேர்த்து ஐந்து லிட்டராக்கினால் வெப்பம் 30 முதல் 33 டிகிரிக்கு வந்துவிடும். மூடியைப் போட்டு இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கவேண்டும். தொடக்கத்தில் ஈஸ்ட் பெருகக் காற்று தேவை. பிறகு ஹைட்ரோமீட்டரில் அளந்து குறித்துக்கொள்ளவேண்டும். இந்த அளவுகளில் சுமார் 1.052 காட்டும். கடைசியாக ஈஸ்ட்டைத் தூவி, மூடி, அடைப்பானைப் பொருத்தி, வெயில் படாத மூலையில் வைக்கவேண்டும்.

ஹைட்ரோமீட்டர்கள் பெரும்பாலும் 20 டிகிரிக்கு அமைக்கப்பட்டவை. 30 டிகிரியில் அளந்தால் 0.002 முதல் 0.003 வரை குறைவாகக் காட்டும். அதைக் கூட்டிக்கொள்ளவேண்டும்.

காத்திருக்கும் நாள்கள்

அரை நாளிலேயே நுரை எழும்பி, அடைப்பானில் குமிழி வரத் தொடங்கும். முதல் மூன்று நாள்கள் வேகமாக இருக்கும், பிறகு தணியும். குமிழி நின்றுவிட்டது என்பதை மட்டும் நம்பி அடைத்துவிடக்கூடாது. மூடி சற்றுத் தளர்ந்திருந்தாலும் குமிழி வராது. வேலை முடிந்த பிறகு வெப்பம் கூடினாலும் குமிழி வரும்.

பத்து நாள் கழித்து ஒருமுறையும், மூன்று நாள் விட்டு மறுமுறையும் அளக்கவேண்டும். இரண்டு முறையும் ஒரே எண், 1.008ஐ ஒட்டி, வந்தால் நொதித்தல் முடிந்தது. தொடக்க எண்ணிலிருந்து முடிவு எண்ணைக் கழித்து 131ஆல் பெருக்கினால் மதுவின் விழுக்காடு தெரியும். 1.052 லிருந்து 1.008 ஐக் கழித்தால் 0.044. ஆக, ஏறக்குறைய 5.8 விழுக்காடு.

மேலே பச்சை, கறுப்பு, வெள்ளை நிறத்தில் பஞ்சு போலப் பூசணம் தெரிந்தால் முழுவதையும் கொட்டிவிடவேண்டும். பூசணத்தை மட்டும் எடுத்துவிட்டுக் குடிக்க நினைப்பது தவறு. பழுப்பு நுரையும் அடியில் வெண்மையான படிவும் இயல்பானவை.

போத்தலில் அடைப்பது

வீட்டுப் பானத்தில் கை, முகத்தைக் காயப்படுத்தும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. அடைக்கும்போது லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை சேர்த்தால், மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று, பானத்துக்குத் தேவையான வாயுவை உண்டாக்கும். ஐந்து லிட்டருக்கு 30 கிராம் போதும். ஹைட்ரோமீட்டர் 1.020 காட்டும்போதே பொறுமையிழந்து அடைத்தால், லிட்டருக்கு 20 கிராமுக்கும் அதிகமான சர்க்கரை உள்ளேயே இருக்கிறது என்று பொருள். அது மூன்று மடங்குக்கும் மேல் அழுத்தத்தைக் கூட்டும். கண்ணாடிப் போத்தல் வெடித்தால் சில்லுகள் பறக்கும்.

எனவே முதல்முறை செய்பவர்கள் சோடா விற்கும் பிளாஸ்டிக் போத்தல்களையே பயன்படுத்துவது நல்லது. அவை அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டவை. கையால் அழுத்திப் பார்த்து, கல் போல இறுகிவிட்டதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடலாம். தண்ணீர்ப் போத்தல், ஊறுகாய்ச் சாடி, சாஸ் போத்தல் ஆகியவை கூடவே கூடாது.

சர்க்கரையைச் சிறிது வெந்நீரில் கரைத்து ஆறவைத்து, படிவு கலங்காமல் எடுத்த பானத்தில் மெதுவாகக் கலந்து, போத்தலில் மேலே மூன்று சென்டிமீட்டர் இடம் விட்டு அடைக்கவேண்டும். அறை வெப்பத்தில் ஒரு வாரம் முதல் பத்து நாள். பிறகு குளிர்பதனப் பெட்டி. இரண்டு வாரம் குளிரில் இருந்தால் தெளிந்து, தேன் மணம் மேலே வரும். தேனின் சர்க்கரை முழுவதும் நொதித்துவிடுவதால் பானம் இனிக்காது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. இனிக்கவில்லையே என்று போத்தலில் மேலும் தேன் ஊற்றினால் அழுத்தம்தான் கூடும். இனிப்பு வேண்டுவோர் குடிக்கும்போது குவளையில் ஒரு கரண்டி தேன் கலந்துகொள்ளலாம்.

குவளையில் எவ்வளவு?

வீட்டில் செய்தது என்பதால் மென்மையானது என்று எண்ணக்கூடாது. 5.8 விழுக்காடு மது உள்ள 330 மில்லிலிட்டர் பானத்தில் சுமார் 15 கிராம் எத்தனால் இருக்கிறது. அதே அளவுள்ள சாதாரண பீரைவிட அது சற்று அதிகம். சிங்கப்பூரில் வாகனமோட்டிக்கான வரம்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம். மலேசியாவில் 2020 திருத்தத்துக்குப் பின் அது 50 மில்லிகிராம். குடித்தால் வண்டியைத் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு. கர்ப்பிணிகள், கல்லீரல் நோயாளிகள், சர்க்கரை நோய்க்கும் மனநலத்துக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. குடியை நிறுத்தப் போராடும் ஒருவர் இருக்கும் வீட்டில், வாளியை மூலையில் வைப்பதற்கு முன் அவரை நினைத்துப் பார்ப்பது கடமை.

மலேசிய வாசகர்களுக்கும் மது அருந்தாதவர்களுக்கும்

ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் மால்ட் பொடியையும் நசுக்கிய இஞ்சித் துண்டு ஒன்றையும் பத்து நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டவேண்டும். வெதுவெதுப்பானதும் இரண்டு மேசைக்கரண்டித் தேன் சேர்த்து, குளிரவைத்து, எலுமிச்சைச் சாறு பிழிந்து அன்றே பருகலாம். மீதமுள்ளதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிடவேண்டும். வெளியே வைத்தால் இந்த வெயிலில் அது தானாகவே நொதிக்கத் தொடங்கிவிடும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் சேர்ந்த எதையும் கொடுக்கக்கூடாது.

பிள்ளை வாளியும் ஈஸ்ட்டும் வாங்கி வந்தால், பெரியவர்கள் பதறுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்கலாம். எத்தனை லிட்டர்? ஹைட்ரோமீட்டர் இருக்கிறதா? எந்தப் போத்தலில் அடைக்கப் போகிறாய்? மூன்றுக்கும் சரியான பதில் வந்தால் கவலை பாதி தீரும். வாளியோடு செம்புக் குழாயும் வந்தால் அது வடிப்பதற்கான வேலை. அதை அன்றே நிறுத்திவிடவேண்டும்.